ஆல்டிக்குப் போனால் மதிப்புக் குறையுமா?

அக்டோபரில் ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற கோத்தகிரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர்கள், "ஆல்டி, லிடில் பக்கமெல்லாம் போகாதே, அகதிகளும் அரசாங்க உதவிப் பணத்தில் காலம் தள்ளுகிறவர்களும் போகிற இடம் அது, ரேவேயிலோ எடேகாவிலோ வாங்கு, இல்லாவிட்டால் ஜெர்மன்காரன் மதிக்க மாட்டான்" என்கிறார்களாம். ஆல்டி, லிடில் இரண்டும் மலிவு விலை மளிகைக் கடைகள், ரேவே, எடேகா இரண்டும் சூப்பர் மார்க்கெட்டுகள். லண்டனில் இருக்கும் சித்தியும் ஏறக்குறைய அதையே சொன்னாராம். கையில் இருப்பதோ எண்ணிக் கட்டிய பணம். எங்கே வாங்குவது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஜெர்மன்காரர் வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் அந்தக் கடைச் சாக்லேட்டைக் கொண்டு போகலாமா, இதுதான் கேள்வி.

தம்பி, நான் குன்னூர்க்காரி. டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய மூல்ஹைம் என்ற ஊரில் பல வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். இப்போது லீவில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், வெளியே மழை விடுவதாக இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போங்கள். ஜெர்மன்காரர்கள் நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று பார்ப்பதே இல்லை. பார்ப்பவர்கள் நம் ஆட்கள்தான்.

மூல்ஹைமில் இருந்துகொண்டு ஆல்டியைக் குறைத்துப் பேச முடியாது, ஆல்டி தெற்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பக்கத்தில் எஸ்ஸன். அங்கே ஷோன்னெபெக் என்று ஒரு பகுதி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த இடம். 1913-ல் ஆல்பிரெக்ட் குடும்பத்து அம்மா ஒருவர், அன்னா என்று பெயர், அங்கே சின்ன மளிகைக் கடை போட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய மகன்கள் கார்லும் தியோவும் கடையை எடுத்து நடத்தினார்கள். ஊரே இடிந்து கிடந்த காலம், ஜனங்களிடம் காசு இல்லை, அதனால் கொஞ்சமே கொஞ்சம் சாமான், அலங்காரம் கிடையாது, வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே வைத்து விற்பது. மற்ற கடைகள் ஸ்டாம்ப் ஒட்டிச் சேர்த்துக் கொண்டுவந்தால் மூன்று சதவீதம் தள்ளுபடி என்று கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் அந்த மூன்று சதவீதத்தை முதலிலேயே விலையில் கழித்துவிட்டார்கள். 1960 வாக்கில் கடையில் சிகரெட் விற்கலாமா கூடாதா என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து, நாட்டையே வடக்கு தெற்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஆல்டி என்ற பெயர்ப்பலகை முதன்முதலில் ஏறியது 1962-ல், நீங்கள் போகப் போகிற அதே டோர்ட்முண்டில். உங்களுக்கு வாய்க்கப் போவது வடக்கு ஆல்டி, எங்களுக்குத் தெற்கு. இரண்டும் தனித்தனி நிறுவனம்.

இந்தத் தியோவை 1971-ல் ஆள் கடத்திக் கொண்டுபோய்ப் பதினேழு நாள் வைத்திருந்து எழுபது லட்சம் மார்க் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு இவர்தானா அந்தப் பணக்காரர் என்று கடத்தினவர்களுக்கே சந்தேகம் வந்து அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள் என்றும், கொடுத்த பணத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரி விலக்கு கேட்டார் என்றும் சொல்வார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதைதான், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது குரலில் கேலியைவிட மெச்சுதல்தான் அதிகம் இருக்கும். பணம் இருந்தும் காட்டிக்கொள்ளாமல் இருப்பதை அவர்கள் மதிக்கிறார்கள். நீங்கள் போய்ப் பார்க்கத்தானே போகிறீர்கள்.

சரி, உங்கள் சீனியர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்திருக்கிறது. எழுபதுகளில் ஆல்டி என்றால் இல்லாதப்பட்டவர்கள் கடை என்ற எண்ணம் ஜெர்மனியிலேயே இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டி, பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது ஆல்டி பிஸ்கட்டை வேறு டப்பாவில் மாற்றிப் போட்டுத்தான் கொண்டுபோவாராம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தொண்ணூறுகளில் ஆல்டி கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்ததும் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசை கட்டினார்கள், அந்த வரிசையில் டாக்டரும் வக்கீலும் நின்றார்கள். ஷாம்பெய்ன் வந்தது, ஆலிவ் எண்ணெய் வந்தது, இயற்கை வேளாண்மைச் சரக்கு வந்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் உணவு விலை கிடுகிடுவென்று ஏறியபோது மிச்சம் மீதி இருந்த கூச்சமும் போய்விட்டது. இன்றைக்கு ஜெர்மனியின் மளிகை வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த டிஸ்கவுண்ட் கடைகளில்தான் நடக்கிறது. ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ, நோர்மா எல்லாம் சேர்த்துத்தான். இத்தனை பேரும் அகதிகளா?

பென்னி என்று சொன்னேன் இல்லையா, அது யாருடையது தெரியுமா? ரேவேயினுடையது. நெட்டோ எடேகாவினுடையது. உங்கள் சீனியர்கள் மரியாதைப்பட்ட கடை என்று நினைக்கிற இரண்டு நிறுவனங்களும் சொந்தமாக மலிவுக் கடை வைத்து நடத்துகின்றன. ஒரே முதலாளி, இரண்டு வாசல்.

சாதாரண ஜெர்மன் குடும்பம் எப்படி வாங்கும் என்றால், பால், வெண்ணெய், முட்டை, மாவு, சர்க்கரை, டாய்லெட் பேப்பர் எல்லாம் டிஸ்கவுண்ட் கடையில். அங்கே கிடைக்காததற்கு ரேவே அல்லது எடேகா. சோப்பு ஷாம்புவுக்கு டிஎம் என்ற கடை. ரொட்டிக்குப் பேக்கரி. கொஞ்சம் வசதி இருந்தால் வாரச் சந்தையில் காய். இதில் எதற்கும் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சில சமயம் பெருமை உண்டு, விருந்துக்குப் போன இடத்தில் ஒயின் நன்றாக இருக்கிறதே என்று கேட்டால், "ஆல்டி, நாலு யூரோகூட இல்லை" என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொல்வார்கள். நம்மூரில் சேலை விஷயத்தில் மட்டும்தான் இப்படிப் பேசுவோம். மற்ற எதையும் குறைந்த விலைக்கு வாங்கினால் வாயைத் திறக்க மாட்டோம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று ரேஷன் கடை வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் கார்டு உண்டு, வருமானம் பார்த்துக் கதவை மூடுகிற வழக்கம் இங்கே இல்லை, நாட்டிலேயே அது பெரிய விஷயம். ஆனாலும் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "ரேஷன் அரிசியா, இட்லிக்கு மட்டும்தாங்க போடுவோம்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் குன்னூரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சோறு வடித்தாலும் இட்லிக்கு என்றுதான் சொல்வது. சர்க்கரை கார்டு வைத்திருப்பவர் அரிசி கார்டு வைத்திருப்பவரைவிட ஒரு படி மேலே என்று ஒரு கணக்கு. குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் பங்களாவில் இருப்பவர்கள் வேலைக்காரம்மாவிடம் கார்டைக் கொடுத்து அனுப்புவார்கள். கீழே மார்க்கெட்டில் காய் வாங்குவது, மேலே ஏசி போட்ட கடையில் அதே காயைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி வாங்குவது, இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஊரில் ஒரு மேடுதான் தூரம், ஆனால் மனசில் அது பெரிய மலை.

சூப்பர் மார்க்கெட் என்ற சொல்லுக்கே நம் பக்கத்தில் ஒரு அந்தஸ்து ஒட்டிக்கொண்டதற்கு நம் மலையின் பெயரும் ஒரு காரணம் என்பது வேடிக்கை. 1905-ல் குன்னூர் வண்ணாரப்பேட்டையில் வெண்ணெய் வியாபாரமாக ஆரம்பித்ததுதான் நீல்கிரீஸ். 1936-ல் பெங்களூர் பிரிகேடு ரோட்டுக்குப் போய்க் கடை போட்டு, பிற்பாடு பெரிய சூப்பர் மார்க்கெட் ஆனது. ஒரு காலத்தில் நீல்கிரீஸ் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஆள் வேறு என்று அர்த்தம். நாம் பையைப் பார்த்து ஆளை எடை போட்டுப் பழகினவர்கள், தம்பி. அந்தத் தராசை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயும் நிறுத்துப் பார்க்கிறார்கள் உங்கள் சீனியர்கள்.

லண்டன் சித்தியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் இருக்கும் இடம் வேறு. பிரிட்டனில் எந்தக் கடையில் வாங்குகிறாய் என்பதை வைத்து ஆளின் வர்க்கத்தைச் சொல்லிவிடுவார்கள், வெயிட்ரோஸ் ஒரு ரகம், செயின்ஸ்பரிஸ் ஒரு ரகம், அதற்குக் கீழே என்று படிக்கட்டு உண்டு. ஆல்டி அங்கே 1990-லும் லிடில் 1994-லும் போனபோது அந்தப் படிக்கட்டில் கடைசிப் படிக்கும் கீழேதான் வைத்தார்கள். சித்தி அந்தக் காலத்தில் போனவராக இருந்தால் அவர் மனசில் பதிந்தது அதுதான். ஆனால் 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கேயும் காற்று திரும்பிவிட்டது, 2022-ல் ஆல்டி மாரிசன்ஸைத் தாண்டி நாட்டின் நான்காவது பெரிய சூப்பர் மார்க்கெட் ஆனது. சித்தியிடம் இதைச் சொல்ல வேண்டாம், பொங்கலுக்குப் போன் போட்டு வாழ்த்து மட்டும் சொல்லுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி மாதாமாதம் எடுத்துக்கொள்கிற கணக்கில், நீங்கள் கட்டியிருப்பது மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் இருக்கும், 2024 செப்டம்பரிலிருந்து அதுதான் தொகை. வாடகை, இன்சூரன்ஸ் போக மிச்சத்தில் சாப்பாடு. இதில் கௌரவத்துக்கு இடமே கிடையாது. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆல்டி பால் விலையையோ வெண்ணெய் விலையையோ மாற்றினால் மற்ற கடைகளும் ஓரிரு நாளில் அதே விலைக்கு வந்துவிடும். ரேவே கடையில் "யா" என்ற பெயரிலும் எடேகாவில் "குட் உண்ட் கூன்ஸ்டிக்" என்ற பெயரிலும் அவர்களுடைய சொந்தச் சரக்கு இருக்கிறது, பெரும்பாலும் கீழ்த்தட்டில், குனிந்து எடுக்க வேண்டும். அதன் விலை ஆல்டி விலையேதான். ஆக, உங்கள் சீனியர் ரேவேயில் குனிந்து யா பாலை எடுத்தால் ஆல்டிக்குப் போனவனும் அவரும் ஒரே காசுதான் கொடுத்திருக்கிறார்கள். குனியாமல் கண் மட்டத்தில் இருப்பதை எடுத்தால்தான் பணம் கரையும். விலைச் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் படிக்கப் பழகினால் எந்தக் கடையிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

தரம் எப்படி என்று அம்மா கேட்பார்கள். பால், தயிர், சீஸ் பாக்கெட்டில் முட்டை வடிவத்தில் ஒரு முத்திரை இருக்கும். உள்ளே நாட்டுக் குறி, மாநிலக் குறி, ஆலையின் எண். என்.டபிள்யூ என்றிருந்தால் நாம் இருக்கும் மாநிலத்து ஆலை. பெயர் பெற்ற பிராண்டு பாலிலும் கடையின் சொந்தப் பெயர் போட்ட பாலிலும் ஒரே எண் இருப்பதைப் பல தடவை பார்க்கலாம். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அப்பா டீ ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். ஒரே நாள் ஓட்டின டஸ்ட் மூட்டை மூட்டையாகக் குன்னூர் ஏலத்துக்குப் போகும், எடுத்தவர் வேறு தோட்டத்துத் தூளோடு கலந்து பாக்கெட் போட்டுத் தன் பெயரை வைப்பார். நம் கூட்டுறவு ஆலைகளின் தூள் ஊட்டி டீ என்ற பெயரில் ரேஷன் கடையில் கிடைக்கிறது, ரேஷன் கடை டீ என்று மூக்கைச் சுளிக்கிறவர் டவுனில் வேறு பெயரில் வாங்கிக் குடிக்கும் தூளில் அதே சரிவில் பறித்த இலை இருக்காது என்று யார் சொல்ல முடியும்? ஒன்று மட்டும் கவனம். ஆலை ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகிவிடாது, கொழுப்பு அளவு, சர்க்கரை, பழச் சதவீதம் எல்லாம் மாற்றிச் செய்து கொடுப்பார்கள். பின்பக்கம் படித்துப் பாருங்கள். 1964-ல் தொடங்கிய ஷ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட் என்ற அமைப்பு பலவகைப் பொருள்களையும் சோதித்து மார்க் போடுகிறது, டிஸ்கவுண்ட் கடைச் சரக்கு அதில் பெரிய பிராண்டுகளோடு சரிசமமாகவும் சில சமயம் மேலேயும் வரும். ஜெர்மன்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைவிட அந்த மார்க்கைத்தான் நம்புகிறார்கள்.

என்ன வாங்குவது? நெய்யை இங்கிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள், பால் பொருளும் கறியும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பையில் கொண்டுவரத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டால் அம்மாவுக்கு மனசு தாங்காது. டிஸ்கவுண்ட் கடையில் 250 கிராம் வெண்ணெய்க் கட்டி கிடைக்கும், நாலு கட்டியை உருக்கினால் மாசத்துக்கு நெய் ஆச்சு, முருங்கை இலை மட்டும்தான் கிடைக்காது. தயிர் அருமையாக இருக்கும், உறை ஊற்றவும் அதையே வைத்துக்கொள்ளலாம். காய்கறித் தட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், நூல்கோல், லீக்ஸ், செலரி. சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் நூல்கோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், நமக்கு அது வீட்டுக்குப் பின்னாலேயே விளைந்தது. உருளைக்கிழங்குப் பையில் வேகவைத்தால் உடையாதது, மாவாக உடைவது என்று வகை எழுதியிருக்கும், போண்டாவுக்கு மாவு வகை. பருப்பில் மைசூர்ப் பருப்பு கிடைக்கும், துவரம் பருப்பு கிடைக்காது. மிளகாய்த்தூளை அங்கே வாங்காதீர்கள், அது நிறத்துக்கு மட்டும்.

அரிசி, துவரம் பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு ஈழத்தமிழர் கடைகள். டோர்ட்முண்ட், எஸ்ஸன் பக்கம் நிறைய இருக்கின்றன, எண்பதுகளில் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் நடத்துபவை. நான் போன புதிதில் அப்படி ஒரு கடையில் பாலும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போய் நின்றபோது அந்தக் கடைக்கார அக்கா வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அரிசியை எங்களிட்ட வாங்குங்கோ, பாலுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு காசு குடுக்கிறியள், முன்னுக்குத்தான ஆல்டி கிடக்கு" என்றார். தன் கடையில் விற்கிற பாலையே வாங்காதே என்று சொன்ன வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அகதிகள் போகும் கடை என்று உங்கள் சீனியர் ஏளனமாகச் சொன்னார் இல்லையா, அகதியாக வந்து கடை போட்டு, வீடு வாங்கி, பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க வைத்த ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஜெர்மன்காரர்கள் உங்களைக் கவனிக்கிற இடம் ஒன்று உண்டு, அது பில் போடும் இடம். அங்கேதான் மானம் போகும். கேஷியர் உட்கார்ந்துகொண்டு மின்னல் வேகத்தில் சாமானைத் தள்ளுவார், அட்டையின் எல்லாப் பக்கமும் பார்கோடு பெரிதாக அச்சடித்திருப்பதே அதற்குத்தான். நீங்கள் அங்கேயே நின்று பையில் அழகாக அடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே தள்ளுவண்டிக்குள் வாரிப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருக்கும் பலகைக்குப் போய் அடுக்கவேண்டும். பெல்ட்டில் உங்கள் சாமானுக்குப் பின்னால், அடுத்தவர் சாமானைப் பிரித்துக் காட்டும் கட்டையை வைக்கவேண்டும், வைக்காவிட்டால் பின்னால் நிற்கும் தாத்தா தொண்டையைக் கனைப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தக்காளியை அமுக்கிப் பார்க்காதீர்கள். வண்டி எடுக்க ஒரு யூரோ நாணயம் வேண்டும், திருப்பிக் கொண்டுபோய்ச் சங்கிலியில் மாட்டினால் காசு வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் மறந்துவிட்டால் ரயில் நிலையக் கடையில் இரட்டிப்பு விலை.

பையை வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கவேண்டும். இது நீலகிரிப் பிள்ளைக்குப் புதிதில்லை, மற்ற ஊர்களுக்கு எல்லாம் முன்னாலேயே நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பையை நிறுத்திவிட்டார்கள். பாட்டில் விஷயமும் அப்படியே. ஒரே தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் டெபாசிட் விலையோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள், காலிப் பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். 2022-ல் நம் டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று முதலில் ஆரம்பித்தது நீலகிரியில்தானே, அதே கதை. மூலையில் குவிந்து கிடக்கும் காலிப் பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், மாசக் கடைசியில் அதில் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் ஆல்டிக்கு விளம்பரம் எழுதினமாதிரி ஆகிவிடும். மலிவு விலையைப் பற்றி அங்கேயும் சண்டை நடக்கிறது, ஆனால் வாங்குகிறவரின் அந்தஸ்தைப் பற்றி இல்லை. மலிவுக் கறியைப் பற்றிச் சண்டை, பன்றியையும் கோழியையும் எப்படி அடைத்து வளர்த்தால் அந்த விலைக்குக் கொடுக்க முடியும் என்று கேட்பார்கள், பாக்கெட்டில் 1, 2 என்று வளர்ப்பு முறைக்கு எண் போடுகிறார்கள். உங்கள் வகுப்பில் யாராவது உங்களை ஒரு மாதிரிப் பார்த்தால் அது எண் 1 போட்ட கறிக்காக இருக்கலாம், கடைக்காக இருக்காது. லிடில் கடைகளில் ஊழியர்களைக் கேமரா வைத்து வேவு பார்த்த விவகாரம் 2008-ல் வெளியே வந்து பெரிய அபராதம் கட்டினார்கள். அதே 2008-ல் பால் விலை கட்டவில்லை என்று ஜெர்மன் விவசாயிகள் ஆலைகளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள், பாலை வயலில் கொட்டினார்கள். எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023-ல் உங்கள் கோத்தகிரிப் பக்கமே சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, கிலோவுக்கு எவ்வளவு வருகிறது, பறிப்புக் கூலி, உரம் போக என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கு நம் வீட்டுத் திண்ணையில் தினம் நடக்கும் பேச்சு. பால் அவ்வளவு மலிவாக எப்படி வருகிறது என்று கேட்க நம்மைவிட யாருக்கு உரிமை? ஆனால் அதற்குப் பதில் ரேவேக்குப் போவதில்லை, அங்கேயும் அதே ஆலை, அதே விலை. கையில் சம்பளம் வந்த பிறகு வாரச் சந்தையில் விவசாயியிடமே வாங்குங்கள், நான் முட்டை மட்டும் அப்படித்தான் வாங்குகிறேன், எல்லாவற்றையும் அப்படி வாங்க என்னாலும் முடியாது.

படிக்கும்போது வேலை பார்க்கிற எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த டிஸ்கவுண்ட் கடைகளில்தான் தட்டுகளில் சாமான் அடுக்கவும் பில் போடவும் சேர்கிறார்கள், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்கு மேலேயே கொடுப்பார்கள். உங்களைப் போகாதே என்று சொன்ன சீனியர் எங்கே வேலை பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாகச் சாக்லேட். நான் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பெட்டி நிறையக் கொண்டுவருவது ஆல்டியில் விற்கிற மோசர் ரோத்தும் லிடில் கடையின் ஃபின் கரேயும்தான். சொந்தக்காரர்கள் ஃபாரின் சாக்லேட் என்று ஃபிரிஜ்ஜுக்குள் பூட்டி வைத்து, யாராவது வந்தால் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார்கள். சித்தப்பா வீட்டில் போன வருஷத்து அட்டை இன்னும் ஷோகேஸில் நிற்கிறது. அதனால் ஜெர்மன்காரர் வீட்டுக்கும் கொண்டுபோகலாம், குற்றமில்லை. ஆனால் அவர் வீட்டிலேயே அது இருக்கும். நீங்கள் கோத்தகிரியிலிருந்து வருகிறீர்கள், சாக்லேட் எதற்கு? கிளம்புவதற்கு முன்னால் ஏதாவது ஃபாக்டரிக் கடையில் நல்ல ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை நூறு நூறு கிராமாக ஏழெட்டுப் பாக்கெட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். டஸ்ட் டீ வேண்டாம், பால் விடாமல் குடிக்கிறவர்களுக்கு அது கசக்கும். பேராசிரியருக்கு ஒன்று, வீட்டு ஓனருக்கு ஒன்று, கூப்பிடும் வீட்டுக்கு ஒன்று. இது எங்கள் மலையில் விளைந்தது என்று சொல்லிக் கொடுத்தால் அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள், உங்கள் ஜெர்மன் மொழிக்கும் பயிற்சி. உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு கிலோ டஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைக்கும் டீ பேக்கில் நம் டீ வராது.

வீடு எந்தப் பகுதியில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள், பக்கத்தில் எந்தத் தமிழ்க் கடையில் நல்ல பொன்னி அரிசி கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.